பல் முதலா, தைராய்டு முதலா: வயதான பூனைக்கு இரண்டும் சேர்ந்து வந்தால்

பத்து வயதைத் தாண்டிய பூனைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரப்பது சகஜமான நோய். பல் கெட்டுப்போவது அதைவிடச் சகஜம். இரண்டும் ஒரே பூனைக்கு வரும்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். தைராய்டு ஏறிய பூனை பசி பசி என்று சமையலறையைச் சுற்றும். பல் வலிக்கும் பூனை தட்டைவிட்டு விலகும். இரண்டும் இருக்கிற பூனை ஏறக்குறைய எப்போதும்போலச் சாப்பிடுவதாகத் தெரியும். எடை மட்டும் மாதாமாதம் இறங்கும். வீட்டில் “வயசாயிடுச்சு, அதான் இளைக்குது” என்பார்கள். வாய் நாற்றத்தைக் கவனித்தவர்கள் பழியைப் பல்லின்மேல் போடுவார்கள். இரண்டிலும் தைராய்டு தப்பித்துக்கொள்ளும்.

கடைசியில் ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் தெரிந்து, வாயைத் திறந்து பார்த்த டாக்டர் பல்லையும் எடுக்க வேண்டும் என்று சொல்வார். எதை முதலில் செய்வது, எந்த வழியில் செய்வது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எழும். வீட்டில் வயதான பூனைகளை வைத்துப் பார்த்தவன் என்ற முறையிலும், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன் என்ற முறையிலும் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிக்கு மருந்து இன்றே. தைராய்டுக்கு, தேவைப்பட்டால் நிறுத்திக்கொள்ளக்கூடிய மருந்து இந்த வாரமே. பல் மூன்று, நான்கு வாரத்தில். தைராய்டுக்கு நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் அது எல்லாவற்றுக்கும் பிறகு. மற்ற வழிகளும் இருக்கின்றன. சில பூனைகளுக்கு அவைதான் சரி.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

நம் வீடுகளில் தைராய்டு என்றால் பெரும்பாலும் குறைவாகச் சுரப்பது. அம்மாவோ அத்தையோ காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுவார்கள். பூனைக்கு வருவது அதற்கு நேர்மாறு. கழுத்தில் இருக்கும் சுரப்பியில் சிறு கட்டிகள் வளர்ந்து ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுப் பூனைகளில் அது புற்றுநோய் அல்ல, சாதாரணக் கட்டிதான். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறலாம், வாந்தி, தண்ணீர் தாகம், ராத்திரியில் காரணமில்லாமல் கத்துவது எல்லாம் வரும்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் பார்ப்பது ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் மொத்த அளவு. மனிதர்களுக்கான லேபில் கொடுத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் உண்டு. மனிதர்களுக்கு நார்மல் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை. பூனைக்கு ஏறத்தாழ 1 முதல் 4.5 வரைதான். உங்கள் பூனைக்கு 7 வந்திருந்தால், மனிதர்களுக்கான ரிப்போர்ட்டில் “நார்மல்” என்று அச்சாகியிருக்கும். பூனைக்கு அது தெளிவாக உயர்ந்த அளவு. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போங்கள், பக்கத்தில் அச்சிட்டிருப்பதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து பெயரில் இருக்கிறது. பிரிட்டனில் பூனைகளின் தைராய்டைக் குறைக்கும் ஒரு திரவ மருந்துக்குத் தைரோநார்ம் என்று பெயர். அதே பெயரில் இந்தியாவில் விற்பது மனிதர்களுக்குத் தைராய்டைக் கூட்டும் மாத்திரை. வெளிநாட்டுப் பூனைக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், பூனைக்கு எதைக் கொடுக்கவே கூடாதோ அது கைக்கு வரும்.

பல் பக்கம் வந்தால், வாயைத் திறந்து பார்ப்பதில் பாதிதான் தெரியும். பூனைக்கு 30 பற்கள். அவற்றில் வலி தருகிற பல பிரச்சினைகள் ஈறுக்குக் கீழே நடக்கும். குறிப்பாகப் பல்லின் வேரை உடம்பே அரித்துக் கரைக்கும் ஒரு நோய் பூனைகளுக்கு மிக அதிகம். வெளியே ஈறு லேசாகச் சிவந்து பல்லின்மேல் ஏறியிருப்பதுபோல மட்டும் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால்தான் முழுக்கதை தெரியும், எக்ஸ்ரே எடுக்க மயக்க மருந்து வேண்டும், மயக்க மருந்துக்குத் தைராய்டு தடை. சிக்கலின் முடிச்சு இதுதான்.

முதலில் எது?

பல்லை முதலில் எடுத்துவிடலாம் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. வலி இப்போது இருக்கிறது, தைராய்டு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும். அதுமட்டுமல்ல, வாய் புண்ணாக இருக்கும் பூனையின் தாடையைத் திறந்து தினம் இரண்டு வேளை மாத்திரை திணிப்பது பூனைக்கும் கொடுமை, உங்கள் விரலுக்கும் கொடுமை.

எதிர்க் காரணம் இதயம். கட்டுப்படாத தைராய்டில் இதயத் தசை தடித்திருக்கலாம், துடிப்பு ஒழுங்கு தவறலாம். இளைத்த உடம்பு மயக்கத்தில் வேகமாகக் குளிர்ந்துபோகும். 2008இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு ஆரோக்கியமான பூனைகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. நோயுள்ள பூனைகளில் நூற்றுக்கு 1.4. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். தைராய்டைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் எல்லாப் பூனையும் ஆரோக்கியமான பூனை ஆகிவிடாது, ஆனால் ஆபத்தான பக்கத்திலிருந்து நன்றாகவே விலகி வந்துவிடும். மூன்று நான்கு வாரம் பொறுப்பதில் இவ்வளவு லாபம் இருக்கும்போது, வலியை மருந்தால் தாங்க வைத்துக்கொண்டு காத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. கன்னம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தாலோ, உடைந்த பல்லால் பூனை இரண்டு நாளாக எதையும் தொடவில்லை என்றாலோ காத்திருக்க முடியாது. பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும். அப்படிப்பட்ட நிலையில் இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் போன்ற மருந்தைக் கொடுத்து, சிறிது நேரம் மட்டும் மயக்கி, அந்த ஒரு பல்லை மட்டும் எடுப்பதுண்டு. மற்றபடி டி4 கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, இதயமும் ரத்த அழுத்தமும் நன்றாக இருக்கின்றன என்றால், நேராகப் பல்லுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். அதுவும் நியாயமே.

“ஒரே மயக்கத்தில் தைராய்டு கட்டியையும் எடுத்து, பல்லையும் எடுத்துவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. செலவும் ஒன்று, பயமும் ஒன்று என்று கேட்கும்போது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையில் அடிபட்டால், அடுத்த ஐந்து நாட்களுக்குள் ரத்தத்தில் கால்சியம் சரிந்து நடுக்கம், வலிப்பு வரலாம். பல் எடுத்த பூனை சாப்பிடாமல் சுருண்டு கிடப்பதும் அதே நாட்களில்தான். எது வலி, எது கால்சியம் என்று வீட்டில் இருப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை.

தைராய்டு முதலில் என்ற வழியில் போனால் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். டி4 இறங்க இறங்க அந்த வெறிப் பசி போய்விடும். அதுவரை வலியோடும் பூனையைச் சாப்பிட வைத்தது அந்தப் பசிதான். அது போனதும் பல் வலி முழுசாக வெளியே வரும். பூனை சாப்பாட்டைக் குறைக்கும். உடனே வீட்டில் “மாத்திரை ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுவார்கள். மாத்திரையாலும் பசி குறையும் என்பதால் இது உண்மையிலேயே குழப்பமான கட்டம். நான் பார்த்தவரை அடையாளம் இப்படி: தட்டு வைக்கும் சத்தம் கேட்டு ஓடிவந்து, முகர்ந்து, ஒரு வாய் எடுத்துத் தலையைச் சாய்த்து, கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினால் வாய். சில பூனைகள் தட்டைப் பார்த்தே சீறும். தட்டு வைத்தும் எழுந்தே வராமல், வாந்தியும் எடுத்து, சோர்ந்து படுத்திருந்தால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் டாக்டருக்கு போன் போடாமல் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

முகத்தைச் சொறிவதிலும் இதே குழப்பம் உண்டு. வாய் வலிக்கும் பூனை முன்னங்காலால் வாயோரத்தைத் தட்டித் தட்டித் தேய்க்கும். தைராய்டு மருந்து ஒவ்வாத சில பூனைகள் கன்னத்தையும் காதோரத்தையும் புண்ணாகும்வரை பிராண்டும். இரண்டாவது வகை என்றால் அந்த மருந்தைத் தொடர முடியாது, வேறு வழிதான்.

டி4 இறங்கி, எடையும் ஏறி, பூனை பார்க்க நன்றாக ஆனதும் பல் வேலையைத் தள்ளிப்போடத் தோன்றும். “நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இந்த வயசுல மயக்க ஊசி?” அதனால் மாத்திரை தொடங்கும் நாளிலேயே பல்லுக்கும் தேதி வாங்கிவிடுவது நல்லது.

காத்திருக்கும் வாரங்களில் வலி

கால்நடை டாக்டர்கள் பூனைக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத் தருவார்கள். பியூப்ரெனார்ஃபினை விழுங்க வைக்க வேண்டியதில்லை, கன்னத்தின் உட்பக்கத்தில் விட்டாலே உடம்பில் ஏறும். புண் வாய்க்கு இது பெரிய வசதி. எல்லா ஊரிலும் எளிதில் கிடைக்காது என்பது குறை. கபாபென்டின் நரம்பு வலியைத் தணிக்கும், கொஞ்சம் தூக்கம் வரவைக்கும், தள்ளாட வைக்கும். மெலாக்சிகாம் வீக்கத்தையும் சேர்த்துக் குறைப்பதால் பல் வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அமெரிக்காவில் 2010இல், பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்ற எச்சரிக்கையை அதன் பெட்டியிலேயே அச்சிடச் சொன்னார்கள். ஐரோப்பாவிலோ மிகக் குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்கவே அனுமதி இருக்கிறது. தைராய்டுப் பூனைக்குச் சிறுநீரகத்தின் உண்மை நிலை இன்னும் தெரியாத நேரம் என்பதால், காத்திருக்கும் இந்த வாரங்களில் மெலாக்சிகாமைவிட முதல் இரண்டே மேல் என்பேன்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பாராசிட்டமால், அதாவது டோலோ, குரோசின் போன்றவை பூனைக்கு விஷம். ஒரே ஒரு மாத்திரை உயிரைப் பறிக்கப் போதும். பல் வலி என்றதும் பாட்டிகள் எடுக்கும் கிராம்பு எண்ணெயும் ஆகாது. அதிலுள்ள யூஜினாலைப் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது. உப்பும் மஞ்சளும் தேய்ப்பது விஷம் இல்லை, ஆனால் புண்ணில் விரலை விட்ட பிறகு பூனை உங்களிடம் மாத்திரைக்கு வருமா?

சாப்பாடு மென்மையாக, லேசான சூட்டில் இருக்கட்டும். வேகவைத்த கோழியைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தால் பல பூனைகள் நக்கியே முடித்துவிடும்.

தைராய்டுக்கு எந்த வழி? வாயைக் கேட்டுச் சொல்லுங்கள்

பொதுவாக இந்த வழிகளை விலை, குணமாகும் வாய்ப்பு, பக்க விளைவு என்று ஒப்பிடுவார்கள். வாய் புண்ணாக இருக்கும் பூனைக்கு முதல் கேள்வி வேறு: மருந்து எந்த வழியாக உள்ளே போகப்போகிறது?

மாத்திரைதான் எங்கும் கிடைப்பது. மெதிமசோல் அல்லது கார்பிமசோல்; இரண்டாவது உடம்புக்குள் போய் முதலாவதாக மாறும். இந்தியாவில் மனிதர்களுக்கான நியோமெர்கசோல் என்பது கார்பிமசோல்தான், பூனைக்கும் டாக்டர்கள் அதை எழுதித் தருவதுண்டு. 5 மில்லிகிராம் கார்பிமசோல் ஏறத்தாழ 3 மில்லிகிராம் மெதிமசோலுக்குச் சமம் என்பதால், இணையத்தில் ஒன்றின் அளவைப் படித்து மற்றொன்றைக் கொடுத்துவிடக் கூடாது. குறைந்த அளவில் காலை, மாலை என்று தொடங்குவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்து டி4 மட்டுமல்ல, ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும். இலக்கு டி4 ஏறத்தாழ 1 முதல் 2.5 வரை. அதற்கும் கீழே போனால் நல்லது என்று நினைக்க வேண்டாம், அளவுக்கு மீறி இறங்கினால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

மாத்திரையின் பெரிய பலம், நிறுத்தினால் அதன் வேலையும் நின்றுவிடும். சிறுநீரகம் மோசமானால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். பலவீனம், இது நோயைக் கட்டுப்படுத்துமே தவிரக் கட்டியைக் கரைக்காது. கட்டி வளர வளர அளவைக் கூட்ட வேண்டிவரும், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் விதமும் தொல்லை. கசப்பு. நொறுக்கி முழுச் சாப்பாட்டிலும் கலந்துவிட்டால் பூனை அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும். வேகவைத்த கோழி ஈரலில் சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்து, முதலில் ஒன்றை மாத்திரை இல்லாமல் கொடுத்து, இரண்டாவதில் மாத்திரையை வைத்து, கையோடு மூன்றாவதைக் காட்டினால் பல பூனைகள் கடிக்காமல் விழுங்கும். மாத்திரையை உடைப்பவர்கள் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

திரவ மருந்து கிடைக்கும் நாட்டில் இருந்தால் புண் வாய்க்கு அது மாத்திரையைவிட நல்லது. அதற்கும் வாயைத் தொட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

காதில் தடவும் மெதிமசோல் களிம்பு இந்தப் பூனைகளுக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கும். காது மடலின் உட்புறத்தில், ஒருவேளை இடது, அடுத்தவேளை வலது என்று மாற்றித் தடவ வேண்டும். வாந்தியும் பசியின்மையும் மாத்திரையைவிடக் குறைவு. ஆனால் உறிஞ்சப்படும் அளவு பூனைக்குப் பூனை மாறும், கட்டுக்குள் வரக் கூடுதல் நாளாகும், சில பூனைகளுக்குப் போதாமலும் போகும். கையுறை இதற்கும் கட்டாயம். உங்கள் தோல் வழியாகவும் அது ஏறும். நம் ஊரில் இதைத் தயாரித்துத் தரும் கடை அரிது. டொராண்டோ, லண்டன் போன்ற இடங்களில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டால் கிடைக்கும். கிடைக்கிற இடத்தில் இருந்தால், பல் எடுக்கும்வரை இதில் ஓட்டிவிட்டு அப்புறம் மாத்திரைக்கு மாறுவது நல்ல திட்டம்.

உணவு வழி. தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் வேண்டும். சாப்பாட்டில் அயோடினை மிக மிகக் குறைத்துவிட்டால் சுரப்பி எவ்வளவு துடித்தாலும் ஹார்மோன் உருவாகாது. 2011இல் ஹில்ஸ் நிறுவனம் இதற்காகவே ஒய்/டி என்ற உணவைக் கொண்டுவந்தது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஒரே நிபந்தனை: அதைத் தவிர வேறு எதுவும் வாயில் போகக் கூடாது, வாழ்நாள் முழுக்க. நம் ஊர்ப் பூனைக்கு இது நடக்கிற காரியமா? கடல் மீனில் அயோடின் ஏராளம். ஒரு நெத்திலித் தலை, மத்தி கழுவிய தண்ணீர், பக்கத்து வீட்டுப் பாட்டி வைக்கும் பால் சோறு, எதிர் வீட்டு மாடியில் காயும் கருவாடு, எது போனாலும் கதை முடிந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒற்றைப் பூனைக்கு, வெளிநாட்டு அடுக்குமாடி வீட்டில், இது நன்றாக வேலை செய்யும். அங்கேயும் வாய் வலிக்கும் பூனைக்குக் கடினமான உலர் உணவை வைக்காமல் டின்னில் வரும் மென்மையான வகையை வைக்க வேண்டும். இன்னொன்று, பல் எடுத்த பிறகு பூனை சாப்பிட மறுக்கும் நாட்களில் “எதையாவது சாப்பிட்டால் போதும்” என்று ஆசை காட்டிப் பலதையும் வைக்க வேண்டியிருக்கும். இந்த உணவுமுறையில் அந்தச் சுதந்திரம் கிடையாது. மாத்திரையையும் இதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறுவையைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். கதிரியக்க அயோடின் கிடைக்காத இடத்தில், கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்து, கை தேர்ந்த சர்ஜன் இருந்தால் யோசிக்கலாம். பெரும்பாலான பூனைகளுக்கு இரண்டு பக்கமும் கட்டி இருக்கும்.

கதிரியக்க அயோடின்-131தான் வசதி இருக்கும் நாடுகளில் முதல் தரத் தீர்வு. தோலுக்கடியில் ஒரே ஊசி. கட்டிதான் அயோடினை ஆவலாக உறிஞ்சும் என்பதால் கட்டி மட்டும் அழியும், ஓய்ந்திருக்கும் நல்ல பகுதி தப்பிக்கும். ஏறத்தாழ 95 சதவீதப் பூனைகள் ஒரே ஊசியில் குணமாகின்றன. பிறகு மாத்திரையே வேண்டாம். இந்தியாவில் பூனைக்கு இது வழக்கமான சிகிச்சையாக இல்லை, வெளியூரில் இருப்பவர்களுக்கான தேர்வு.

வாய் வலிக்கும் பூனைக்கு இதில் மறைந்திருக்கும் சிக்கல், ஊசிக்குப் பிறகான தனிமை. அந்த அயோடினின் வீரியம் பாதியாகவே 8 நாள் ஆகும். நாட்டின் விதிப்படி சில நாட்கள் முதல் சில வாரங்கள்வரை பூனையை மருத்துவமனையில் தனியாக வைப்பார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட முடியாது. அங்கிருப்பவர்களும் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பல் வலியால் சாப்பிட மறுத்தால் யார் என்ன செய்வார்? வாயைத் திறந்து பார்க்கவோ பல் எடுக்கவோ அப்போது முடியாது. வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் மடியில் தூங்க விடாமல், மலத்தொட்டியைக் கையுறையோடு கையாள வேண்டும். ஆகவே பல்லை எடுத்து, வாய் ஆறி, பூனை தானாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகே அயோடினுக்குப் போவது.

அப்படிக் காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, அது சிறுநீரகம். தைராய்டு ஏறியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். தசை இளைத்திருப்பதால், சிறுநீரகத்தை எடைபோட ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவும் குறைவாகவே உருவாகும். ரிப்போர்ட் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். தைராய்டை இறக்கியதும் அடியில் இருந்த சிறுநீரக நோய் சில பூனைகளில் வெளிப்படும். சிகிச்சை அதை உண்டாக்கவில்லை, மூடியிருந்த திரையை விலக்கியது. மாத்திரையில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால், நிரந்தரச் சிகிச்சைக்கு முன்பே இந்த உண்மை தெரிந்துவிடும். மயக்க மருந்து, பல் எடுத்த பின் கொடுக்கும் வலி மருந்து, நரம்பு வழி ஏற்றும் திரவம் எல்லாவற்றையும் டாக்டர் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பல்லுக்கு என்னென்ன சொல்வார்கள்

மயக்கமே இல்லாமல் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். மேலே வெள்ளையாகும், ஈறுக்குக் கீழே இருக்கும் நோய் அப்படியே இருக்கும். வலியுள்ள பூனையைப் பிடித்து அமுக்கிச் செய்கிற இந்த வேலைக்கு ஒரு பைசாவும் தர மாட்டேன்.

மாதம் ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ் என்பது இன்னொரு வழக்கம். சீழ் இருக்கும்போது தேவைதான்; ஒரு வாரம் பூனை தெளிவாகத் தெரியும், அப்புறம் பழையபடி. கெட்ட பல் உள்ளே இருக்கும்வரை மருந்து அதைச் சரிசெய்யாது. தைராய்டு கட்டுக்கு வரும்வரை பாலமாக ஒரு தடவை கொடுப்பது வேறு, அதையே சிகிச்சை என்று வைத்துக்கொள்வது வேறு.

பல் எடுப்பதுதான் உண்மையான தீர்வு. எத்தனை பல் என்பது எக்ஸ்ரே சொல்ல வேண்டிய விஷயம். வேர் அரித்துப்போன பற்களில் சிலவற்றை வேரோடு எடுக்க வேண்டும். சிலவற்றில் வேர் எலும்போடு எலும்பாக மாறியிருந்தால் மேல் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு ஈறைத் தைக்கலாம். வாய் முழுக்கச் செக்கச்செவேல் என்று புண்ணாகியிருக்கும் பூனைக்குக் கடைவாய்ப் பற்கள் அனைத்தையும் அல்லது எல்லாப் பற்களையும் எடுக்கச் சொல்வார்கள். கேட்டதும் நெஞ்சு பதறும். பல் இல்லாமல் என்ன சாப்பிடும் என்று எல்லோரும் கேட்பார்கள். பூனை மென்று தின்கிற பிராணி இல்லை; பல் இல்லாத பூனை மென்மையான சாப்பாட்டை நக்கியே உடம்பைத் தேற்றிக்கொள்ளும், சில பூனைகள் உலர் உணவைக்கூட முழுசாக விழுங்கும். வாய்ப்புண் நோயில் பெரும்பாலான பூனைகளுக்கு இதனால் நல்ல பலன் உண்டு, சிலவற்றுக்குப் பிறகும் மருந்து தேவைப்படும்.

நீண்ட நேரம் எடுக்கும் வேலையாக இருந்தால் இரண்டு அமர்வாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம். தைராய்டுப் பூனையின் உடம்பு சூடு இறங்காமல் இருக்க அது உதவும். மயக்கத்துக்கு முன் ரத்தத் தட்டணுக்களைப் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். தைராய்டு மருந்தால் அவை அரிதாகக் குறையும், அப்படியானால் பல் எடுத்த குழியில் ரத்தம் நிற்காது. ரத்த அழுத்தம் எடுத்தார்களா, மயக்கத்தில் இருக்கும்போதும் தாடையை மரத்துப்போக வைக்கும் ஊசி உண்டா, பல் எக்ஸ்ரே இருக்கிறதா, கூடவே சூடு கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா? வாயை அகலத் திறந்து வைக்க ஸ்பிரிங் கருவியைப் பயன்படுத்துவார்களா என்பதையும் கேட்க வேண்டும். பூனையின் வாயை அதனால் நெடுநேரம் விரித்து வைத்தால் மூளைக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தம் தடைபட்டுப் பார்வை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. விவரம் தெரிந்த டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

எல்லா கிளினிக்கிலும் பல் எக்ஸ்ரே இருக்காது. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். கூட்டமும் காத்திருப்பும் உண்டு, பதற்றப்படும் பூனையைத் துணி மூடிய கூடையில் கொண்டுபோங்கள்.

மயக்கமே முடியாது என்றால்

இதயம் மிகப் பலவீனம், சிறுநீரகமும் முற்றிய நிலை என்று டாக்டர் கைவிரித்தால், பல்லைத் தொடாமல் வலியை மட்டும் பார்த்துக்கொள்ளும் வழி இருக்கிறது. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அதில் வேலை அதிகம். தினசரி வலி மருந்து, அரைத்த சாப்பாடு, வாரம் ஒருமுறை எடை, தைராய்டைச் சிறுநீரகம் தாங்குகிற அளவுக்கு மட்டும் குறைப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்த வழி. எடை பார்க்க, பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை தராசில் ஏறிக் கழித்தால் தோராயமாகத் தெரியும். குழந்தைகளை நிறுக்கும் தராசு கிடைத்தால் இன்னும் துல்லியம், இந்தப் பூனைகளுக்கு நூறு கிராம்கூடக் கணக்குத்தான். தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டதா, மருந்து கொடுத்த பிறகும் தட்டிலிருந்து பின்வாங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆமாம் என்றால் வலி மருந்து போதவில்லை. அளவை மாற்றச் சொல்லி டாக்டரிடம் போங்கள், மாற்றியும் நிலைமை அதேதான் என்றால் கருணைக்கொலை பற்றிய பேச்சை அவர் எடுப்பதற்கு முன் நீங்களே கேட்டுவிடலாம்.